கத்தரி வைக்கும் முன் துணி நனையட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் மார்கழிக் கச்சேரி நாட்களிலும் சென்னையில் கைத்தறிக் கண்காட்சிகளுக்குக் குறைவே இருக்காது. எல்டாம்ஸ் சாலை சி.பி. ஆர்ட் சென்டர் போன்ற இடங்களில் இரண்டு நாள், மூன்று நாள் ஸ்டால் போடுகிறவர்களில் பலர் தனியாகத் தொழில் நடத்தும் வடிவமைப்பாளர்கள். ஆழ்வார்பேட்டையிலோ பெசன்ட் நகரிலோ வீட்டு முன்னறைதான் அவர்களுடைய பொட்டிக். இரண்டு தையல் மெஷின், ஒரு கட்டிங் மாஸ்டர், ஐம்பது அறுபது உருப்படி. இந்த அளவில் நடக்கும் கடையில் நாலு குர்தா திரும்பி வந்தாலே கணக்கு உதைக்கும். அதனால் தொழில் தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நனைக்காத துணியில் கத்தரி வைக்காதீர்கள்.

இந்த ஊருக்கு இது தெரியாத சங்கதி அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கோட்டை கட்டியதே துணி வியாபாரத்துக்காக. நெசவாளர்களைக் குடியேற்றிய சின்னதறிப்பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை.

துணி ஏன் சுருங்குகிறது? தறியில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். நூல் அறுந்துவிடாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சியும் போடுகிறார்கள். தறியிலிருந்து இறக்கி மடித்த பிறகும் அந்த விறைப்பு துணிக்குள்ளேயே இருக்கும். தண்ணீர் பட்டதும் கஞ்சி கரையும், நூல் ஊதும், இழுபட்டிருந்தது தன் நிலைக்குத் திரும்பும். ஆகவே பாவு ஓடும் நீளவாக்கில்தான் சுருக்கம் அதிகம், அகலவாக்கில் குறைவு.

எவ்வளவு சுருங்கும் என்று கடைக்காரரைக் கேட்பதைவிட நீங்களே அளந்துவிடலாம். வாங்கிய துணியில் 60 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் நடுவே 50 சென்டிமீட்டர் சதுரத்தை நூலால் ஓட்டுத்தையல் போட்டு அடையாளம் செய்யுங்கள். பேனாக் கோடு ஊறினால் அழிந்துவிடும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, அயர்ன் பெட்டியை இழுக்காமல் மேலே வைத்து எடுத்து, மறுபடி அளந்து பாருங்கள். 50 என்பது 47.5 ஆகியிருந்தால் சுருக்கம் 5 சதவீதம். 46 அங்குல நீளத்தில் தைத்த குர்தா முதல் சலவையில் 43.7 அங்குலத்துக்கு வந்துவிடும் என்று அர்த்தம். அதே நெசவாளர், அதே நிறம் என்றாலும் அடுத்த பாவில் வந்த துணியைத் திரும்பவும் சோதிக்க வேண்டும். நூலும் மாறியிருக்கும், விறைப்பும் மாறியிருக்கும்.

மேல்துணியை மட்டும் நனைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. காட்டன் லைனிங்கையும் நனைக்க வேண்டும். லைனிங் மட்டும் சுருங்கினால் மேல்துணி பை போலத் தொங்கும். மேல்துணி மட்டும் சுருங்கினால் லைனிங் கீழே எட்டிப்பார்க்கும். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் முன் அதை ஊறவைத்து உலர்த்துவது நம் வீடுகளில் பாட்டிமார் காலத்துப் பழக்கம்; மறந்தால் கரை முழுக்கக் கொசகொசவென்று சுருண்டுகொள்ளும். பைப்பிங்குக்கும் நாடாவுக்கும் அதே விதிதான். உலோக பட்டன் என்றால் ஒன்றை ஈரத் துணியில் இரண்டு நாள் சுற்றி வைத்துப் பாருங்கள். துருக்கறை படிந்தால் அந்தப் பட்டன் வேண்டாம்.

அனுபவமுள்ள மாஸ்டர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையின் அகலமான கரை பலருக்கும் பிடித்தது. அந்தக் கரை குர்தாவின் அடிப்பகுதியில் வர வேண்டும் என்றால் துணியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டுத்தான் வெட்ட முடியும். அப்போது பாவு நூல் உயரவாக்கில் நிற்காமல் உடம்பைச் சுற்றி ஓடும். நீளத்தில் போக வேண்டிய சுருக்கம் மார்பளவில் போய் விழும். 38 அங்குல மார்புக்கு 2 அங்குலம் தாராளம் விட்டு 40 அங்குலமாகத் தைத்திருப்பார்கள். 5 சதவீதம் சுருங்கினால் சரியாக 38. மூச்சுவிட இடம் இருக்காது, கையைத் தூக்கினால் அக்குளில் தையல் பிரியும். இப்படி வெட்டும் துணிக்கு நனைப்பது கட்டாயம், பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடுவதும் கட்டாயம். சென்னை வாடிக்கையாளர்கள் உடுப்பைத் திருப்பிப் பார்த்து “உள்ளே துணி விட்டிருக்கீங்களா?” என்று கேட்பது நியாயமான கேள்வி.

அடுத்தது சாயம். கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. சாயத் தொட்டியில் நிறம் நூலுக்குள் இறங்கத்தான் உப்பு உதவுகிறது. சாயமேற்றி முடிந்த துணியில் அது எதையும் பிடித்து நிறுத்தாது. ஒட்டாமல் மேலோடு நிற்கும் சாயத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசி, தண்ணீர் தெளியும்வரை வெளியேற்றுவது ஒன்றே வழி. மாதிரித் துண்டோடு வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்து அரை மணி நேரம் சோப்புத் தண்ணீரில் ஊறவிடுங்கள். மூன்றாவது அலசலிலும் வெள்ளையில் நிறம் ஏறினால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவுக்குப் போன மதராஸ் கட்டத் துணி சாயம் விட்டபோது, அதையே அதன் அழகாகச் சொல்லி ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் விற்றார்கள். வெள்ளை வேட்டியையும் குர்தாவையும் ஒரே வாஷிங் மெஷினில் போடும் வீட்டில் அந்த விளக்கம் செல்லாது. அவுரி நீலம் மட்டும் தனி ரகம். நன்றாக அலசிய பிறகும் உரசினால் கொஞ்சம் ஒட்டும், அது அந்தச் சாயத்தின் இயல்பு. விற்கும்போதே சொல்லிவிடுங்கள், சீட்டிலும் எழுதிவிடுங்கள்.

விலைக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மீட்டர் 350 ரூபாய் துணி இரண்டரை மீட்டர், 875. லைனிங் 180. தையல் கூலி 400. பட்டன், நூல், அயர்ன், பை எல்லாம் சேர்த்து 95. மொத்தம் 1,550 ரூபாய். இரண்டு நாள் ஸ்டால் வாடகை 12,000 என்றால், முப்பது விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 400 ஏறும். அடக்கம் 1,950. இதில் உங்கள் உழைப்பு இன்னும் சேரவில்லை. 2,400 வைக்கலாம் என்று தோன்றும். அதே குர்தாவை இன்னொரு பொட்டிக்கில் விற்றுத் தரச் சொல்லி வைத்து, அவர்கள் 35 சதவீதம் கழித்துக்கொண்டால் கைக்கு வருவது 1,560. ஸ்டால் வாடகை சேராத 1,550 போனால் பத்து ரூபாய் மிச்சம்! ஸ்டாலில் ஒரு விலை, கடையில் ஒரு விலை வைத்தால் வாடிக்கையாளரும் நம்ப மாட்டார், கடைக்காரரும் அடுத்த முறை இடம் தர மாட்டார். ஆகவே கமிஷன் போகக் கணக்குப் போட்டு ஒரே விலையாக வைப்பதே முறை. நனைத்ததில் போன துணியையும் அடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 சதவீதச் சுருக்கம் என்றால் இரண்டரை மீட்டருக்கு 2.65 மீட்டர் வாங்கியாக வேண்டும்.

அளவுகளைச் சமமாகப் பிரித்துத் தைப்பதும் பணத்தை முடக்கும். ஒரு டிசைனில் இருபது என்றால் எஸ் மூன்று, எம் ஐந்து, எல் ஆறு, எக்ஸ்எல் நாலு, டபுள் எக்ஸ்எல் இரண்டு என்று தொடங்கலாம். விற்றதை மட்டுமல்ல, கேட்டு இல்லாமல் போன அளவையும் நோட்டில் குறித்துவைத்தால் அடுத்த முறை இந்தப் பங்கு தானாகத் திருந்தும்.

கடைசியாக, நாள் கணக்கு. பாவு நூலை வெட்டவெளியில் நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துகிற ஊர்களில் வெயில் இல்லாமல் வேலை ஓடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நின்றுவிடும். தரையில் குழி வெட்டி அமைத்த குழித்தறி என்றால் குழிக்குள் ஈரமும் சேரும். அந்த நேரத்தில் நெசவாளரை அவசரப்படுத்துவது நியாயமில்லை, பலனும் இல்லை. மார்கழி ஸ்டாலுக்கு வேண்டிய துணியை ஆடியிலேயே சொல்லி, முன்பணமும் கொடுத்துவிடுங்கள். புரட்டாசிக்குள் கைக்கு வந்தால், மொட்டை மாடியில் நனைத்து உலர்த்த உங்களுக்கும் நாலு நாள் நல்ல வெயில் கிடைக்கும்.

வணக்கம்.