அத்தை கேட்ட கேள்வி

வணக்கம், நேயர்களே. சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் அத்தை சுத்த சைவம். சர்க்கரைக்கு டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்ததும் அவர் என்னைக் கேட்டது இதுதான்: "இதை எந்தப் பிராணியிலிருந்து எடுக்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. முன்பெல்லாம் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். இப்போது பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ செய்து தருகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு நம் உடம்பின் பொருளைச் செய்ய எப்படித் தெரியும்? அங்கேதான் அதிசயம் இருக்கிறது. தமிழுக்கு 247 எழுத்துகள். செல்லுக்குள் உயிரின் செய்முறை எழுதியிருக்கும் டிஎன்ஏவுக்கு நான்கே எழுத்துகள். அதில் ஒரு புரதத்தைச் செய்யும் விவரம் எழுதியிருக்கும் பகுதிதான் மரபணு. இன்சுலினும் ஒரு புரதம்தான். இன்சுலின் மரபணு நம் கண்ணின் செல்லிலும் உண்டு, தோலின் செல்லிலும் உண்டு. ஆனால் கணையத்தின் பீட்டா செல்கள்தான் அதைத் திறந்து வாசிக்கின்றன. செல்லுக்குள் ரைபோசோம் என்றொரு நுண்ணிய பட்டறை. மரபணுவின் நகலை மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் புரதச் சரத்தின் மணியான ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும். இன்சுலினில் இருப்பவை 51.

பாக்டீரியாவிலும் ரைபோசோம் இருக்கிறது. அதுவும் அதே நான்கு எழுத்துகளை அதே முறையில்தான் படிக்கிறது. யார் எழுதியது என்று கேட்பதில்லை! 1978இல் கலிஃபோர்னியாவில் இன்சுலினுக்கான மரபணுவை ஆய்வுக்கூடத்திலேயே ரசாயன முறையில் கோத்து, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அது படித்தது, செய்தது. 1982இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

நல்ல சூழலில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இரவு கரைத்து வைத்த தோசைமாவு விடிவதற்குள் பொங்குவதும் இப்படி நுண்ணுயிர்கள் பெருகி வாயுவை வெளிவிடுவதால்தான். நம் துவாஸிலும் பெரிய தொட்டிகளில் செல்களை வளர்த்து மருந்து செய்யும் ஆலைகள் உண்டு.

"அப்போ அந்தக் கிருமி ஊசியில் இருக்குமா?" என்றார் அத்தை. இருக்காது. செல்லை உடைத்து, புரதத்தை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்துவிடுவார்கள்.

அப்புறம் ஒன்று. கோத்த சரம் சரியாக மடிந்தால்தான் புரதம் வேலை செய்யும்; அந்த மடிப்புதான் அதற்கு உயிர். சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு கெட்டியாவது மடிப்புக் குலைவதால்தான். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்சுலினை விட்டுவிடாதீர்கள். திறக்காத இன்சுலின் பேனாவை, அதாவது பேனா வடிவ ஊசியை, 2 முதல் 8 டிகிரி குளிரில் வையுங்கள், ஆனால் உறையவிடக் கூடாது. அத்தை வீட்டில் அது இப்போது தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.