பூஜ்ஜியத்தில் வைத்தும் கொதிக்கும் ரேடியேட்டர்

வணக்கம். இந்த வாரம் முதல் கேள்வியை நம் ரெட்டியார்பாளையத்து அம்மா ஒருவர் அனுப்பியிருக்கிறார். மகள் குடும்பம் பாரிசுக்கு வெளியே லா கூர்நேவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது. பேரனைப் பார்த்துக்கொள்ள இவர் மூன்று மாதம் போயிருக்கிறார். படுக்கையறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரின் குமிழைப் பூஜ்ஜியத்தில் வைத்தாலும் இரவு முழுக்கக் கொதிக்கிறதாம். புழுக்கம் தாங்காமல் ஜனவரி மாதத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கிறார்களாம். “மாப்பிள்ளை சனிக்கிழமை வால்வையே கழற்றி மாற்றிவிடுகிறேன் என்கிறார், செய்யலாமா ஐயா?” என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. சனிக்கிழமை வருவதற்குள் மாப்பிள்ளையை இந்த வீடியோவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் ரேடியேட்டர் என்றால் காருக்குள் இருப்பதுதான். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு வீட்டைச் சூடாக்குவது பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் அங்கே நம்மவர்கள் ‘ஷொஃபாஜ்’ என்று சொல்லும் இந்த வேலையில்தான் நான் 22 ஆண்டுகள் இருந்தேன். ஊர் திரும்பும்போது பெட்டியில், ரேடியேட்டருக்குள் வெந்நீர் போவதைக் கட்டுப்படுத்தும் பழைய வால்வு ஒன்றையும் போட்டுக்கொண்டு வந்தேன். இதோ, மேசை மேல் இருக்கிறது.

இதில் இரண்டு பாகங்கள். கீழே பித்தளையில் இருப்பது உடம்பு; தண்ணீர் இதற்குள்தான் ஓடுகிறது. மேலே எண் போட்ட பிளாஸ்டிக் குமிழ், அதுதான் தலை. தலைக்குள் தண்ணீர் கிடையாது. சின்னக் குப்பி ஒன்று இருக்கிறது, அதற்குள் மெழுகோ திரவமோ அடைத்திருப்பார்கள். அறை சூடானால் அது விரிந்து, உடம்பின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த ஊசியை அழுத்தும். ஊசி இறங்கினால் வழி அடைபடும். அறை குளிர்ந்தால் குப்பி சுருங்கும், கீழே இருக்கும் ஸ்பிரிங் ஊசியை மேலே தள்ளும், வழி திறக்கும். மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. கார் எஞ்சினின் தெர்மோஸ்டாட்டுக்குள்ளும் இதே மெழுகு வேலைதான். அங்கே சூடானால் திறக்கும், இங்கே சூடானால் மூடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். திறப்பது ஸ்பிரிங்கின் வேலை, மூடுவது தலையின் வேலை. தலை செத்துப்போனால் வால்வு திறந்தே கிடக்கும். குப்பியில் இருந்தது கசிந்து போயிருந்தால் ஊசியை அழுத்த ஆளே இல்லை. அக்டோபரில் எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் இதற்கு நேர்மாறானவை. கோடை முழுக்க மூடியே கிடந்ததில் ஊசி கீழே ஒட்டிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் சூடாகவே ஆகாது. உங்களுடையது சூடு நிற்காத கதை. ஆகவே முதலில் தலை மேல்தான் சந்தேகப்பட வேண்டும். மாப்பிள்ளை உடம்பைக் கழற்றக் கிளம்பியிருக்கிறார்.

தலைக்குப் போவதற்கு முன்னால் அந்த ஜன்னல். பிரான்சில் ரேடியேட்டரைப் பெரும்பாலும் ஜன்னலுக்கு அடியில்தான் வைப்பார்கள். குமிழில் பூஜ்ஜியமா, பனித்துகள் போன்ற நட்சத்திரக் குறியா என்று உற்றுப் பாருங்கள். நட்சத்திரம் என்றால் மூடிவிட்டதாக அர்த்தம் இல்லை. குழாய் உறைந்துவிடாமல் காக்க ஏறத்தாழ 7 டிகிரியில் வால்வு தானாகத் திறக்கும். ஜனவரி இரவில் பாரிசில் வெளியே 2, 3 டிகிரி இருக்கும். திறந்த ஜன்னலிலிருந்து அந்தக் காற்று நேராகத் தலை மேல் இறங்குகிறது. தலைக்கு அறை தெரியாது, தன்னைச் சுற்றியுள்ள காற்றுதான் தெரியும். ‘ஐயோ, குளிருகிறதே’ என்று திறக்கிறது. ரேடியேட்டர் கொதிக்கிறது, நீங்கள் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறக்கிறீர்கள். ஆகவே இன்று இரவு ஜன்னலை மூடி வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஆறுவதற்கே நேரம் பிடிக்கும். வால்வுக்குக் கீழே வரும் குழாய் சூடாக இருந்தால் அது குறை அல்ல. மேல் மூலை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தாலும் கவலை வேண்டாம்.

அப்படியும் முழு ரேடியேட்டரும் சுடுகிறதா? பேரன் அறையில் இதே கம்பெனித் தலை இருந்து, அது ஒழுங்காக வேலை செய்கிறதென்றால், இரண்டையும் மாற்றிப் போடுங்கள். குமிழை முதலில் முழுக்கத் திறக்கும் எண்ணான 5-க்குத் திருப்பிவிட வேண்டும். அப்போதுதான் தலை ஊசியை விடும். அடியில் இருக்கும் வளையத்தைக் கையால் அல்லது துணி சுற்றிய பிளையரால் தளர்த்தினால் தலை கையோடு வந்துவிடும். சொட்டுத் தண்ணீர் வராது. மாட்டும்போதும் 5-இல் வைத்தே மாட்ட வேண்டும். பூஜ்ஜியத்தில் வைத்து மாட்டினால் வளையம் முழுக்க ஏறாது, தலை அரைகுறையாக உட்காரும், என்ன திருப்பினாலும் ஊசி முழுதாக இறங்காது. போன கோடையில் சுவருக்கு யாராவது பெயிண்ட் அடித்தார்களா என்று மகளிடம் கேளுங்கள். பெயிண்ட் அடிக்கத் தலையைக் கழற்றி அவசரத்தில் திரும்ப மாட்டிய வீடுகள் நான் பார்த்தவரை நிறைய.

பேரன் அறைத் தலையைப் போட்டதும் படுக்கையறை ஆறிவிட்டால் புதுத் தலை ஒன்று வாங்கினால் போதும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பல கம்பெனிகளின் வளையம் 30 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், ஆனால் எல்லாமே அப்படி இல்லை, திருகாமல் சொருகி மாட்டும் வகையும் உண்டு. பொருந்தாத தலையை மாட்டினால் ஊசியை அரை மில்லிமீட்டர் குறைவாக அழுத்தும், பழைய கதையே தொடரும்.

நல்ல தலையைப் போட்டும் ஆறவில்லை என்றால் குறை உடம்பில். தலையைக் கழற்றி ஊசியைப் பாருங்கள். இதோ, ஐந்து ரூபாய் நாணயத்தை அதன் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறேன்: இறங்குகிறது, விட்டதும் எழுகிறது. சில மில்லிமீட்டர்தான், ஆனால் தடையில்லாமல் போய் வர வேண்டும். உங்களுடையது அசையவே இல்லையென்றால் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊசியின் அடியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மெல்ல மெல்ல அழுத்துங்கள். சுத்தியல் வேண்டாம். பிளையரால் பிடித்து மேலே இழுக்கவே கூடாது. பாரிசுக்கு அருகே சார்செல்லில் ஒரு வீட்டில் நான் அதைச் செய்தேன், வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். ஊசி கையோடு வந்துவிட்டது, பின்னாலேயே மை போன்ற கறுப்புத் தண்ணீர் பீச்சி அடித்தது. இரும்பு உள்ளே அரித்துக் கரைந்த நீர் அது. அந்த வீட்டுக்காரரின் வெள்ளைச் சுவரை என் செலவில்தான் பூசிக் கொடுத்தேன்.

ஊசி நன்றாகப் போய் வருகிறது, ஆனாலும் சூடு நிற்கவில்லை என்றால், ஊசியின் அடியில் இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது அது உட்காரும் இடத்தில் அந்தக் கறுப்புக் கசடு சிக்கியிருக்கும். நம் வீட்டுக் குழாயை எவ்வளவு முறுக்கினாலும் சொட்டுகிறதே, அதே நோய். குமிழை முழுக்கத் திறந்து, முழுக்க மூடி, ஐந்தாறு தடவை செய்தால் சில சமயம் கசடு அடித்துக்கொண்டு போய்விடும். போகவில்லையென்றால் உடம்பைத் திறந்துதான் ஆக வேண்டும், அது மாப்பிள்ளை வேலை அல்ல. கொதிகலன் கட்டடம் முழுமைக்கும் ஒன்றுதான் என்றால் மேல்மாடித் தண்ணீர் அத்தனையும் அந்தக் குழாயின் பின்னால் நிற்கிறது. கட்டட நிர்வாகத்துக்கு எழுதினால் அவர்கள் ஆளை அனுப்புவார்கள்.

ஆள் வரும்வரை தூங்குவதற்கு ஒரு வழி. ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்ட சின்ன வால்வு ஒன்று இருக்கும். மூடியைக் கழற்றி, ஆறு பட்டை கொண்ட அலன் சாவியால் வலப்பக்கமாக மூடுங்கள். எத்தனை சுற்று மூடினீர்கள் என்று எண்ணி, ஒரு காகிதத்தில் எழுதி ரேடியேட்டரின் பின்னாலேயே ஒட்டிவையுங்கள். திறக்கும்போது அதே அளவுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற அறைகளின் சூடு மாறிப்போகும்.

இன்னொன்று, சரியான பிறகு குமிழை 5-இல் வைக்காதீர்கள். 5 என்றால் சீக்கிரம் சூடாகும் என்று நினைக்கிறார்கள். இல்லை, அதிகச் சூட்டில்தான் நிற்கும். 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி. பிரான்சில் வீட்டைச் சராசரியாக 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. படுக்கையறைக்கு 2 போதும், பேரனுக்கு ஒரு போர்வை சேர்த்துப் போர்த்துங்கள்.

தலையை மாற்றிப் போட்டதும் எந்த அறை ஆறியது, எந்த அறை சுட்டது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள் அம்மா. அடுத்த கேள்வி முதலியார்பேட்டையிலிருந்து, மாடித் தொட்டி நிரம்பி வழிவது பற்றி.