எல்லாருக்கும் தெரியும், யார் போய்ச் சொன்னது?

(குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், பின்னால் நிற்கும் இளைஞர்களுக்கும் என் வணக்கம். முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, தயங்காமல் வந்து உட்காருங்கள்.

அக்கம்பக்கத்துப் பிரச்சினை என்றதும் நம் நினைவுக்கு வருவதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, நள்ளிரவுப் பாட்டுச் சத்தம், வாசலை மறித்து நிற்கும் யாரோ ஒருவருடைய வண்டி. பெரிய மேடைகளில் இவற்றை யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒருவர் இன்று நிம்மதியாகத் தூங்கினாரா, அவருடைய மகள் பயமில்லாமல் வீடு வந்து சேர்ந்தாளா என்பதை இந்தச் சின்ன விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன. அதனால் நான் இவற்றைப் பெரிய விஷயங்களாகத்தான் நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் குறைகளில் பாதிக்கு மேல் தீராமல் கிடப்பதற்குக் காரணம், சொல்ல வேண்டிய ஆளிடம் யாரும் போய்ச் சொல்லாததுதான்.

தெருவிளக்கையே எடுத்துக்கொள்வோம். வளைவில் ஒரு கம்பம். விளக்கு அணைந்துவிட்டது. முதல் நாள் அந்த வழியே வருகிறவர், கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறார். மறுநாள் செல்போன் வெளிச்சத்தில் நடக்கிறார். ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது. பள்ளம் எங்கே, தூக்கிக்கொண்டு நிற்கும் கல் எங்கே என்று காலுக்கே தெரிந்துவிடுகிறது. வேலை முடிந்து இரவில் வரும் பெண்கள் மட்டும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். யாரைக் கேட்டாலும், "இந்நேரம் யாராவது சொல்லியிருப்பாங்க" என்பதுதான் பதில். உரிய அலுவலகத்தில் போய் விசாரித்தால் ஒரு புகார்கூடப் பதிவாகியிருக்காது.

இதை அலட்சியம் என்று திட்டுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1968-ல் பிப் லடானே, ஜான் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அறையில் மாணவர்களை உட்காரவைத்து, ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை வர ஆரம்பித்தது. அறையில் தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொல்லிவிட்டார்கள். மூன்று மூன்று பேராக உட்காரவைத்தபோது, 38 சதவீதக் குழுக்களில்தான் யாராவது ஒருவராவது எழுந்து போனார். மற்ற குழுக்களில் என்ன நடந்தது? புகை மண்டிக்கொண்டே வருகிறது, அவர் இவரைப் பார்க்கிறார், இவர் அவரைப் பார்க்கிறார். "அவங்களே சும்மா இருக்காங்க, பெரிய விஷயமா இருக்காது" என்று மூன்று பேரும் நினைக்கிறார்கள். கண்ணெதிரே புகை வந்தபோதே நிலைமை இது. தெருவில் நாம் மூன்று பேர் இல்லை, நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். ஆள் கூடக்கூட, 'வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்ற எண்ணமும் கூடுகிறது. கெட்ட மனசு இல்லாதவர்களுக்கும் இப்படித்தான் நடக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்றே என்று சிலர் சொல்வார்கள். அங்கே போட்டால் நாற்பது பேர் பார்ப்பார்கள், பத்துப் பேர் 'ஆமாம், ரொம்ப நாளாகவே இப்படித்தான்' என்பார்கள். அத்தோடு எல்லாருக்கும் ஏதோ செய்துவிட்ட திருப்தி வந்துவிடும். விளக்கு எரியாது.

சரி, என்ன செய்யலாம்? குறையைப் பார்த்தவுடன் ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். 'யாராவது' என்ற பேச்சே வேண்டாம். "இந்த விளக்கு உங்க பொறுப்பு, புகார் எண் வாங்கிட்டு வந்து சொல்லுங்க" என்று நேராகக் கேளுங்கள். மனிதர்கள் மறுக்க மாட்டார்கள், கேட்கத்தான் ஆளில்லை. புகார் எழுதும்போது 'எங்கள் பகுதியில் விளக்குகள் சரியாக எரிவதில்லை' என்று எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஓர் ஊழியரால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அந்த எண், எந்த வீட்டுக்கு எதிரில், எந்தத் தேதியிலிருந்து, சுத்தமாக எரியவில்லையா, விட்டுவிட்டு எரிகிறதா, இவ்வளவும் இருந்தால் ஏணியோடு வருகிறவர் நேராக அங்கேயே வருவார். புகார் எண்ணையும் தேதியையும் சங்கத்து நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை போகும்போது கோபத்தைக் கொண்டுபோக வேண்டியதில்லை, அந்த நோட்டைக் கொண்டுபோனால் போதும்.

அடுத்தது கொசு. இதில் அலுவலகத்தை மட்டும் நம்பிப் பயனில்லை, காரணம் சொல்கிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அது வீட்டைச் சுற்றித் தேங்கியிருக்கும் தெளிந்த தண்ணீரைத் தேடி வருகிறது. உங்கள் வீட்டுப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை ஒரு நாள் வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். தண்ணீர் அசையாமல் இருப்பது போலத் தெரியும். தட்டை லேசாகத் தட்டினால் கமா போலச் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்துகொண்டு அடிக்குப் போகும், கொஞ்ச நேரத்தில் மூச்சுவிட மறுபடி மேலே வரும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. அதாவது உங்கள் தட்டில் பிறந்தது உங்களையோ பக்கத்து வீட்டுக் குழந்தையையோதான் கடிக்கும், அதுவும் பெரும்பாலும் பகலிலேயே.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கொசு முட்டையைப் பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றிப்போனாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடியவில்லை. உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், வாரம் ஒரு தரம், எல்லா வீட்டிலும், ஒரே நாளில். ஒன்பது வீடு தேய்த்துப் பத்தாவது வீடு விட்டுவிட்டால் ஒன்பது வீட்டின் உழைப்பும் வீண். பூட்டிக்கிடக்கும் வீடு இருந்தால் அதன் உரிமையாளரைக் கண்டுபிடித்துப் பேசுவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். நம் தெருக்களில் மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் இதனால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிலரை உட்காரவைத்து, எப்போது வரும் என்று தெரியாதபடி விட்டுவிட்டுப் பலத்த சத்தம் போட்டார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் கொடுத்து, "தாங்க முடியவில்லை என்றால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்" என்றார்கள். அவர்கள் பெரும்பாலும் அழுத்தவே இல்லை. ஆக, இரண்டு தரப்பினரும் கேட்டது அதே சத்தம்தான். அப்புறம் புதிர்களையும், எழுத்துப் பிழை திருத்தும் வேலையையும் கொடுத்துப் பார்த்தபோது, பொத்தான் இருந்தவர்கள் புதிர்களோடு அதிக நேரம் பொறுமையாகப் போராடினார்கள், பிழைகளையும் குறைவாகவே தவறவிட்டார்கள்.

நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை இருந்தால், அதே சத்தம் நம்மை அந்த அளவுக்கு வாட்டுவதில்லை. இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். உங்கள் வீட்டில் விசேஷம் என்றால் ஒரு நாள் முன்னதாக அக்கம்பக்கத்து நாலு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "நாளைக்குச் சாயங்காலம் பாட்டு இருக்கும், பத்து மணிக்கு நிறுத்திடுவோம், அதுக்கு முன்னாடியே தொந்தரவா இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, குறைச்சிடுறோம்" என்று சொல்லுங்கள். அந்த நம்பர்தான் அவர்கள் கையில் நீங்கள் கொடுக்கும் பொத்தான். பத்து மணி என்றால் பத்து மணிக்கு நிறுத்தவும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தரம் உங்கள் வார்த்தையை நம்ப யாரும் இருக்க மாட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ, இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவரோ எந்த வீட்டில் இருக்கிறார் என்பதும் அந்த நாலு கதவைத் தட்டும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

புகார் சொல்ல வேண்டியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ராத்திரி கோபத்தோடு போய்க் கதவைத் தட்டாதீர்கள். மறுநாள் பகலில் போங்கள். "எப்பப் பாத்தாலும் சத்தம்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "நேத்து பதினொரு மணிக்கு மேல நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது, அம்மாவுக்குத் தூக்கம் கலைஞ்சிடுச்சு" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். மாடியில் இருப்பவருக்குத் தன் நாற்காலிச் சத்தம் கீழே எப்படிக் கேட்கிறது என்று தெரியவே தெரியாது. நாற்காலிக் காலில் துண்டுத் துணி ஒட்டினால் தீரக்கூடிய விஷயத்துக்காக ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

வண்டி நிறுத்துவதும் பொதுத் தண்ணீரும் வேறு வகை. எல்லாருக்கும் சொந்தமான ஒன்றை எப்படிப் பங்கிடுவது என்பது அங்கே கேள்வி. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானின் கிராமக் காடுகள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள் என்று, நூற்றாண்டுகளாக மக்களே பார்த்துக்கொண்ட பொதுச் சொத்துகளை எடுத்து அலசினார். அவர் கண்டவற்றில் நமக்கு வேண்டியவை சில. விதியை அதைப் பயன்படுத்துகிறவர்களே உட்கார்ந்து வகுத்திருக்கிறார்கள். கண்காணிப்பும் அவர்களே. மீறியவருக்கு முதல் தடவை சின்னக் கண்டிப்பு, மறுபடி மறுபடி மீறினால்தான் படிப்படியாகக் கடுமை. தகராறு வந்தால் உடனே, செலவில்லாமல் பேசித் தீர்க்க ஓர் இடம். ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் விவசாயிகளின் நீர் மன்றம் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் எல்லார் முன்னிலையிலும் கூடுகிறது. எழுத்து கிடையாது, பேச்சிலேயே விசாரணை, அங்கேயே தீர்ப்பு.

நம் சங்கம் இதில் சறுக்கும் இடம், எடுத்தவுடன் தண்டனைக்குப் போவதுதான். முதல் தடவை தப்பாக வண்டி நிறுத்தியவர் பெயரைப் பலகையில் எழுதிப்போட்டால் அவர் திருந்த மாட்டார், விரோதியாகிவிடுவார். முதலில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம். அவசரத்துக்கு நிறுத்தியிருக்கலாம், விதி தெரியாத விருந்தாளியாகவும் இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களைக் கூப்பிடாமல் விதி போடுவதும் தப்பு. அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அதே இடத்தில்தான் வண்டி நிறுத்துகிறார்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற ஒன்று. தனியாக வசிக்கும் முதியவர்கள். 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் வெயில் 41 டிகிரி செல்சியஸ் வரை போனது. வழக்கமாக நேரும் மரணங்களைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு வட்டாரங்களை ஒப்பிட்டார். இரண்டும் ஏழை மக்கள் வசித்தவை, இரண்டிலும் தனியாக இருந்த முதியவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஆனால் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. இறப்பு குறைந்திருந்த வட்டாரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமும் கடைகளும் இருந்தன, முதியவர்கள் வெளியே வந்து போனார்கள். மற்ற வட்டாரத்தில் கடைகள் மூடி, ஆட்கள் வெளியேறி, வீடுகள் காலியாகக் கிடந்தன. முதியவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள்.

நம் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று இப்போது கேட்டால், நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அவருடைய மகனோ மகளோ எங்கே இருக்கிறார், ராத்திரி மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது? இது அவரைத் துருவிப் பார்க்கிற வேலையாக ஆகிவிடக் கூடாது. அவர் விரும்பினால் மட்டும், அவர் சொல்கிற அளவுக்கு மட்டும்.

அதற்காக வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தனியாக இருப்பவர்கள், பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பெற்றோர் உள்ளவர்கள், விருப்பமிருந்தால் பெயரும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் எழுதிக் கொடுங்கள். அது செயலாளரிடமும் அந்தந்தத் தெருப் பொறுப்பாளரிடமும் மட்டும் இருக்கும், வேறு யாருக்கும் போகாது, எந்தக் குழுவிலும் பகிரப்படாது. தினமும் காலையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டு வர முடிந்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். எழுதச் சிரமப்படும் பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார். இன்று வர முடியாதவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், போகிற வழியில் அவரிடமும் கேட்டுவிட்டு நாளைக்கு வந்து சொல்லுங்கள்.