ஆறு நாட்களைவிடக் கடினமான கேள்வி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கிறிஸ்தவன். உயிரியல் கற்பிப்பது என் தொழில். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சபையிலும் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆய்வுக்கூடத்திலும் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். படைப்பையும் பரிணாமத்தையும் பற்றிப் பேச வானொலி நிலையத்தார் என்னை அழைத்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கடவுள் உலகத்தை ஆறு நாளில் படைத்தாரா, கோடிக்கணக்கான ஆண்டுகளில் உயிர்கள் மெல்ல மாறி வந்தனவா என்றுதான் வழக்கமாகச் சண்டை தொடங்கும். இந்த நாள் கணக்கு என் விசுவாசத்தை ஒருபோதும் பெரிதாக உலுக்கியதில்லை. உலுக்குகிற கேள்வி வேறொன்று இருக்கிறது. நாள் கணக்கைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. அப்படியானால் முதல் மூன்று நாட்களின் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன? இது நாத்திகர்கள் கண்டுபிடித்த கேள்வி இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற திருச்சபை அறிஞர் கேட்டுவிட்டார். அவருக்குப் பின்வந்த திருச்சபை அறிஞர் அகஸ்டின், கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், நாள் வரிசை நாம் புரிந்துகொள்வதற்காகச் சொல்லப்பட்டது என்று கருதினார். வானத்தையும் பூமியையும் பற்றி நன்கு அறிந்த பிற மதத்தார் முன்னால், கிறிஸ்தவர்கள் வேதத்தின் பேரைச் சொல்லி உளறி அவமானப்படக்கூடாது என்றும் எச்சரித்தார். பரிணாமக் கொள்கையை முன்வைத்த டார்வின் பிறப்பதற்குச் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு!

உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்று 1650-ல் கணக்குப் போட்டவர் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர். அவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் வேதத்தின் வம்ச வரலாறுகளையும் பழைய அரசர்களின் காலங்களையும் ஒப்பிட்டு, அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்து நேர்மையாகச் செய்த வேலை அது. பின்னர், பாறை அடுக்குகளைப் படித்து உலகம் அதைவிட மிக மிகப் பழையது என்று சொன்னவர்களிலும் குருமார் இருந்தார்கள். வில்லியம் பக்லாண்ட் அப்படிப்பட்டவர். டார்வினுக்கு நிலவியல் கற்றுக்கொடுத்த ஆடம் செட்ஜ்விக்கும் ஆங்கிலிக்கன் குருதான். ஆனால் தன் மாணவரின் பரிணாமக் கொள்கையை மட்டும் அவரால் கடைசிவரை ஏற்க முடியவில்லை.

1859-ல் டார்வினின் நூல் வந்தபோது கிறிஸ்தவ உலகம் மொத்தமும் எதிர்த்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எதிர்ப்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் டார்வினுக்காக முன்னின்று வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே ஆழ்ந்த விசுவாசி. சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குரு, தானாக வளர்ந்து மாறும் வல்லமையோடு உயிர்களைப் படைத்த கடவுளை நம்புவதும் உயர்ந்த நம்பிக்கைதான் என்று டார்வினுக்கே எழுதினார். 1882-ல் டார்வின் இறந்தபோது அவரை அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில்.

அப்புறம் எப்போது இது விசுவாசத்துக்கு வைக்கும் பரீட்சையாக மாறியது? 1925-ல் அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில், சட்டத்தை மீறிப் பரிணாமம் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு நடந்தது. அதில் வேதத்துக்காக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, சாட்சிக் கூண்டில் ஏறியதும், படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். இளம் பூமி, சில ஆயிரம் ஆண்டுகள், பாறைகள் எல்லாம் நோவாவின் வெள்ளத்தில் படிந்தவை என்ற வாதம் பெரும் இயக்கமாக வளர்ந்தது 1961-க்குப் பிறகுதான். ஜான் விட்கோம் என்ற இறையியலாளரும் ஹென்றி மோரிஸ் என்ற நீரியல் பொறியாளரும் சேர்ந்து எழுதிய நூல் அந்த ஆண்டில் வந்தது. இன்று பலர் ஆதித் திருச்சபையின் போதனை என்று நினைப்பது இந்த வடிவத்தைத்தான்.

உயிரியல் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சான்று சொல்கிறேன். பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது. அதற்குத் தேவையான ஜீன், அதாவது மரபணு, நம்மிடம் இல்லாமல் இல்லை, பழுதாகிக் கிடக்கிறது. மனிதக் குரங்குகளிடமும் மற்ற பல குரங்குகளிடமும் அதே ஜீன் பழுதாகிக் கிடக்கிறது. கினிப் பன்றிக்கும் அது வேலை செய்வதில்லை, ஆனால் அங்கே பழுது வேறு மாதிரி. நல்ல உறுப்புகள் ஒத்திருந்தால் ஒரே சிற்பியின் கைவேலை என்று சொல்லலாம். ஒரே பழுது ஒத்திருந்தால்? பொது மூதாதை என்பதைத் தவிர நேர்மையான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. மனித மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்தறியும் மனித ஜீனோம் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையான கிறிஸ்தவர். அவரும் இதை ஏற்கிறார்.

சரி, இப்போது அந்தக் கேள்வி. 1860-ல் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் ஒரு குளவியைப் பற்றிச் சொல்கிறார். அது கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுப்புழுக்கள் அந்தக் கம்பளிப்புழுவை உயிரோடு உள்ளிருந்தே தின்று வளரும். அன்பும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள் வேண்டுமென்றே இதைப் படைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். இதை எழுதியவர் 1851-ல் தன் 10 வயது மகள் ஆனியைப் பறிகொடுத்த தகப்பன். எந்த இறையியல் நூலையும்விட இந்தக் கடிதம்தான் என்னை அதிகம் உலுக்கியிருக்கிறது.

"ஆதாமின் பாவத்தால் மரணம் வந்தது, அதற்கு முன் சிங்கமும் புல் தின்றது" என்று பதில் சொல்வார்கள். ஆனால் டைனோசர் எலும்புகளிலேயே நோயின் தடங்கள் இருக்கின்றன, வேட்டைப் பற்களின் தடங்கள் இருக்கின்றன. பறவைகளாக மாறிய கிளையைத் தவிர அவை அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பே வலியும் சாவும் இருந்திருக்கின்றன. ஆதாமால் மரணம் வந்தது என்று அப்போஸ்தலன் பவுல் ரோமர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் பேசுவது மனிதரின் மரணத்தைப் பற்றி என்று நான் வாசிக்கிறேன். என் நண்பர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது: ஆதாமைத் தொட்டால், அவன் பாவத்துக்குப் பரிகாரமான சிலுவையும் ஆடும் என்று நினைக்கிறார்கள்.

வேதம் இந்தக் கொடூரத்தை மறைப்பதில்லை என்பதை நாம் கவனிப்பதே இல்லை. 104-ஆம் சங்கீதத்தில் சிங்கக்குட்டிகள் கெர்ச்சித்துத் தங்கள் இரையைத் தேவனிடம் கேட்கின்றன. பாடுகிறவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, துதியாகப் பாடுகிறார். யோபு புத்தகத்தில் கடவுள் பேசும்போது, இரத்தத்தை உறிஞ்சும் கழுகுக் குஞ்சுகளைத் தன் படைப்பின் பெருமைகளோடு சேர்த்தே காட்டுகிறார். சாக்குச் சொல்லவில்லை. விளக்கமும் தரவில்லை.

"வலி இல்லாமல் வளர்ச்சி இல்லை, பரிணாமத்துக்கு இதுதான் விலை" என்று சில விசுவாசிகள் சொல்லும் பதிலும் எனக்கு உவப்பாக இல்லை. அந்த வளர்ச்சியில் கம்பளிப்புழுவுக்கு என்ன பங்கு? ரோமர் 8-ல் சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் எழுதுகிறார். அந்த வேதனைக்குள் கடவுளே வந்து சிலுவையில் மாண்டார் என்பது கிறிஸ்தவம் மட்டுமே சொல்லும் செய்தி. அது 'ஏன்' என்பதற்குப் பதில் ஆகாது. ஆனால் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் கடவுளை நான் தொழவில்லை என்ற அளவுக்கு அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆதாமைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய மனிதரின் மரபணு வேறுபாடுகளைப் பார்த்தால், நம் மூதாதையர் ஒரே ஜோடியாக அல்ல, ஆயிரக்கணக்கானோர் கொண்ட கூட்டமாக இருந்ததாகத் தெரிகிறது. 1950-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றவர், பல ஆதிப் பெற்றோர் என்ற கருத்துக்கு மட்டும் இடம் தரவில்லை. ஜான் ஸ்டாட் போன்ற சுவிசேஷ அறிஞர்கள், இருந்த மனிதர்களிலிருந்து கடவுள் தேர்ந்து தம் சாயலைத் தந்த ஒருவராக ஆதாமைப் பார்க்கலாம் என்றார்கள். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆதியாகமத்தில், தன் தம்பி ஆபேலைக் கொன்ற பிறகு, "என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் என்னைக் கொன்றுபோடுவான்" என்று ஆதாமின் மகன் காயீன் நடுங்குகிறான். ஆதாம் குடும்பத்தைத் தவிர யாருமே இல்லை என்றால், யாருக்குப் பயந்தான்? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. கேட்ட பிள்ளையிடம் "அதெல்லாம் கேட்கக்கூடாது" என்று சொல்லாதீர்கள். நான்காம் அதிகாரத்தைத் திறந்து அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.