லவெண்டர் குப்பி வாங்க முதல் உங்கட குசினிக்குள்ள போய்ப் பாருங்க

[மேசையில ஒரு சின்ன பிறவுண் குப்பி. பக்கத்தில ஒரு கிண்ணம் கொத்தமல்லி.]

இந்தா, இது பத்து மில்லி லவெண்டர் எண்ணெய். பதட்டம் போகும், மனசு ஆறும், நித்திரை வரும் எண்டு குப்பியில எழுதியிருக்கு. இது கொத்தமல்லி. இதில ஒண்டும் எழுதேல்ல, பாவம். ஆனா இந்த ரெண்டுக்கும் உள்ளுக்க ஒரே பேரில ஒரு சாமான் கிடக்கு. உடன நம்பிட்டு ஓடிப் போயிடாதீங்க. இதைச் சொல்லி முடிச்ச கையோட நானே ஒரு இடத்தில பின்வாங்க வேண்டி வரும். அதையும் பார்த்திட்டுப் போங்க.

வணக்கம் மக்கள். மட்டக்களப்பு கல்லடியில இருந்து கதைக்கிறன். பின்னால இரையிறது கடல். மைக் பிழை எண்டு கொமென்ட் போட வேணாம்.

போன வீடியோவுக்குக் கீழ ஒரு அம்மா கேட்டிருந்தாங்க: "தம்பி, மகளுக்கு ஏ.எல் சோதினை கிட்ட வர வரக் கை நடுங்குது. இந்த மண எண்ணெய் ஏதும் உதவுமா, சும்மா காசு பறிக்கிற வேலையா?" அந்தக் கேள்விதான் இண்டைக்கு வீடியோ. பதில் ரெண்டுக்கும் நடுவில எங்கயோ கிடக்கு.

முதல்ல பேரைப் பார்ப்பம். எசென்ஷியல் ஒயில். ஒயில் எண்டு சொன்னாலும் இது எண்ணெயே இல்ல.

[வெள்ளைப் பேப்பரில இடப்பக்கம் ஒரு துளி தேங்கா எண்ணெய், வலப்பக்கம் ஒரு துளி லவெண்டர்.]

இதை இப்பிடியே ஃபேனுக்குக் கீழ வச்சிட்டுப் போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்தன். பாருங்க. தேங்கா எண்ணெய் விழுந்த இடம் கண்ணாடி மாதிரி ஊறிப்போய்க் கிடக்கு. லவெண்டர் விழுந்த இடத்தைத் தேடித்தான் பிடிக்கணும். கொழுப்பு இல்லாத சாமான், அதால பறந்து போயிட்டு. செடியை ஆவியில அவிச்சு, அந்த ஆவியைக் குளிராக்கினா, தண்ணிக்கு மேல மணம் தனியா மிதக்கும். அதை வழிச்செடுக்கிறதுதான் இந்தக் குப்பி.

இந்தப் பேப்பர் சோதனையை நான் சும்மா படிச்சுப் பழகேல்ல, காசு குடுத்துப் பழகினது. ஒரு கடையில 600 ரூபாய்க்கு "நூறு வீதம் சுத்தமான மல்லிகை எசென்ஷியல் ஒயில்" எண்டு ஒரு குப்பி வாங்கினன். வீட்ட வந்து பேப்பரில விட்டா, ரெண்டு நாளாகியும் கறை போகேல்ல. மல்லிகைப் படம் மட்டும் சுத்தம்.

மறுகா தேடிப் பார்த்தா, மல்லிகைய அந்த மாதிரி ஆவியில அவிச்சு எடுக்கவே ஏலாது. சூடு பட்டா அதுட மணம் கெட்டுப்போகும். கரைப்பான் போட்டுக் கழுவி எடுக்கணும், அதுக்கு மலைபோலப் பூ வேணும், அதால விலை எங்கயோ நிக்கும். 600 ரூபாய்க்கு மல்லிகை எண்ணெய் எண்டா அது மல்லிகைக்கே தெரியாம செஞ்ச எண்ணெய்.

ஆனா மல்லிகை மற்றப் பூ மாதிரி இல்ல. பறிச்ச பிறகும் சாகாம இரவிரவா மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பிரான்சில கிராஸ் எண்ட ஊரில அந்தக் காலத்தில கண்ணாடித் தட்டில பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் பூசி, அதுக்கு மேல பூவை அடுக்குவாங்களாம். பூ விடுற மணத்தைக் கொழுப்பு குடிச்சிடும். அடுத்த நாள் பழைய பூவை எடுத்திட்டுப் புதுப் பூ. இப்பிடியே வாரக்கணக்கில. இந்தியாவில இதையே கொழுப்பில்லாம எள்ளை வச்சுச் செஞ்சாங்க. எள்ளு ஒரு அடுக்கு, மல்லிகை ஒரு அடுக்கு. மணம் ஏறின எள்ளைப் பிறகு செக்கில ஆட்டுறது.

இதைப் படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். ஏனெண்டா என்ட பெத்தா தேங்கா எண்ணெய் வச்சுத் தலைசீவி, பின்னேரம் கோயிலுக்குப் போகச் சரம் சூடுவா. விடியக் காலம பூவைக் கழட்டி எறிஞ்ச பிறகும் கொண்டை மணக்கும். பிரான்சுக்காரன் கண்ணாடித் தட்டில செஞ்ச வேலையைப் பெத்தா கொண்டையில செஞ்சிருக்கா.

இன்னொண்டு. சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. மல்லிகை மணத்துக்குள்ள இன்டோல் எண்டு ஒரு சாமான் துளியளவு இருக்கு. அதே இன்டோல் மலத்திலயும் இருக்கு. துளியா இருந்தா பூ, கூடிட்டா கக்கூசு. அடுத்த முறை கலியாண வீட்டில பூ வச்ச ஆக்களைப் பார்க்கக்க இது உங்களுக்கு ஞாபகம் வரும். மன்னிச்சிடுங்க.

மணத்தால வைத்தியம் செய்யிற வரலாறு ஒரே மூச்சில. கட்ஃபொஸே எண்ட பிரெஞ்சு இரசாயனக்காரர் 1910இல ஆய்வுகூடத்தில வெடிச்சுக் கை எரிஞ்சு, காயம் அழுகத் தொடங்கின நேரம் லவெண்டரால கழுவினார். அவர் 1937இல எழுதின புத்தகத்தால "அரோமாதெரபி" எண்ட பேர் பரவினது. எரிஞ்ச கையை ஓடிப்போய் லவெண்டர் பீப்பாவுக்குள்ள விட்டார் எண்டு நிறைய வீடியோவில சொல்லுவாங்க. அவர் எழுதினதில பீப்பாவே இல்ல, புல்லில உருண்டு நெருப்பை அணைச்சதுதான் இருக்கு.

இப்ப கொத்தமல்லி.

லவெண்டர் எண்ணெயில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு லினலூல் எண்ட பொருள். கொத்தமல்லி விதையை ஆவியில அவிச்சு எண்ணெய் எடுத்தா, அதில நூறுக்கு அறுபது எழுபது பங்கு லினலூல்! எங்கட வீடுகளில தடிமன் வந்தா, காய்ச்சல் வந்தா, இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டு அவிச்சுத் தருவாங்கதானே. அவியக்க குசினி முழுக்க ஒரு மணம் எழும்புமே, அதில கொத்தமல்லியால வாற மணத்தில பெரும்பங்கு இந்த லினலூல்தான். ஆயிரக்கணக்கில குடுத்து லவெண்டர் மெழுகுதிரி கொளுத்துற ஆக்கள் என்ட அம்மாட கொத்தமல்லிப் பானைக்குப் பக்கத்தில நிண்டிருக்கலாம்.

எண்டு சொல்லிட்டு வீடியோவை இதோட முடிச்சா ஷெயார் பிச்சுக்கொண்டு போகும். ஆனா இதுதான் நான் பின்வாங்குற இடம். விதையில ஒரு வீதம் எண்ணெய் வாறதே பெரிய பாடு. அதைவிட, லினலூலில ரெண்டு வகை. வலக்கால் செருப்பும் இடக்கால் செருப்பும் மாதிரி. ஒரே தோல், ஒரே அளவு, ஆனா ஒண்டின்ட இடத்தில மற்றதைப் போட ஏலாது. லவெண்டரில கூடுதலா ஒரு கால், கொத்தமல்லியில கூடுதலா மற்றக் கால். அதால கொத்தமல்லித் தண்ணி பதட்டத்துக்கு மருந்து எண்டு நான் சொல்லேல்ல. அப்பிடி எழுதி என்ட படத்தையும் போட்டு வட்சப் குரூப்பில அனுப்பினா நான் பொறுப்பில்ல.

சரி, லினலூல் உண்மையா ஏதும் செய்யுதா? ஜப்பானில ககோஷிமா பல்கலைக்கழகத்தில எலிகளுக்கு லினலூல் மணத்தைக் காட்டிப் பார்த்தாங்க. 2018இல வந்த ஆய்வு. எலிகளுக்குப் பயம் குறைஞ்சது, ஆனா தள்ளாடேல்ல. மறுகா மூக்கில மணம் பிடிக்கிற நரம்பு செத்துப்போன எலிகளுக்குக் காட்டினாங்க. ஒண்டும் நடக்கேல்ல. அப்ப சாமான் நுரையீரலால இரத்தத்துக்குப் போய் வேலை செய்யேல்ல. மணந்தாத்தான் வேலை.

ஏன் மூக்குக்கு இந்தச் சலுகை? பார்க்கிறது, கேக்கிறது, தொடுறது எல்லாம் முதல்ல தலமஸ் எண்ட இடத்துக்குப் போய்த்தான் மூளைக்குள்ள பிரியும். தலமஸை ஒரு கச்சேரி, அதான் அரசாங்கக் கந்தோர், எண்டு வச்சுக்கொள்ளுங்க. நம்பர் எடுத்து, வரிசையில இருந்து, கையெழுத்து வாங்கணும். மணத்துக்கு அந்த வரிசை இல்ல. பின்வாசலால நேர அமிக்டலாவுக்குப் போயிடும். பயமும் உணர்ச்சியும் குடியிருக்கிற இடம் அது. உள்ளுக்க மச்சான் வேலை செய்யிற ஆக்கள் கச்சேரிக்குப் போற மாதிரி.

மனுசருக்கு? ஆஸ்திரியாவில பல்லு டொக்டரிட்ட காத்திருந்த ஆக்களுக்குத் தோடம்பழ மணமும் லவெண்டர் மணமும் விட்டுப் பார்த்ததில பயம் குறைஞ்சிருக்கு, 2005இல. நல்ல செய்தி. ஆனா 2008இல அயர்லாந்தில 96 பொம்பளைகளை வச்சு ஒரு சோதனை. மணத்தோட சேர்த்து, இந்த மணம் உங்கள என்ன செய்யும் எண்டு முன்கூட்டியே ஆளுக்கொரு விதமாச் சொல்லி வச்சாங்க. கடைசியில வித்தியாசம் காட்டினது சொல்லி வச்ச கதை. லவெண்டர் இல்ல!

இதில ஒரு சிக்கல் இருக்கு. குளிசை எண்டா வெறும் மாக்குளிசையைக் குடுத்து ஏமாத்திச் சோதிக்கலாம். மணத்தை எப்பிடி மறைக்கிற? ஜெர்மனியில 80 மில்லிகிராம் லவெண்டர் எண்ணெயை கெப்சூலா விழுங்கக் குடுத்துச் சோதிக்கிற நேரம், வெறும் கெப்சூலுக்குள்ளயும் மணத்துக்காக ஒரு பொட்டு லவெண்டர் வச்சாங்க. ஏப்பம் விட்டாலும் கண்டுபிடிக்க ஏலாது. மெனக்கெட்ட வேலை. அந்தக் கெப்சூல் 2010இல வந்த ஆறு கிழமைச் சோதனையில லொராஸெபம் எண்ட பதட்டக் குளிசைக்குக் கிட்ட நிண்டது. அது அளவு பார்த்துச் செஞ்ச மருந்து. கடையில வாங்கின குப்பியைக் குடிக்கிற அலுவல் இல்ல. குடிக்கவே வேணாம்.

இப்ப என்ட சொந்த அபிப்பிராயம். லவெண்டர் மணந்தா எங்க எத்தினை பேருக்கு மனசு ஆறும்? பிரான்சில ஒரு கிழவிக்கு அது தாய்வீட்டுத் தோட்டம். எனக்கு அது நிலம் துடைக்கிற லிக்குயிட். அதை மணந்தா மொப்பை எடுக்கத்தான் கை போகுது. அதே மாதிரி பக்கத்து வீட்டு மாமி சந்தனக்குச்சி கொளுத்தினா அமைதி எண்டு சொல்லுவா. எனக்கு அந்த மணம் வந்தாலே செத்தவீடு. கால் தன்பாட்டில கதிரை அடுக்கப் போகும். காத்தான்குடியில ஒரு அத்தர் கடை நானா எனக்கு ஏழெட்டுக் குப்பியைக் கையில பூசி மணக்கத் தந்தார். கடைசியில எனக்கு நெஞ்சு இறங்கினது வெட்டிவேர் ஒண்டுக்குத்தான். ஏனெண்டா பெத்தா மண்பானைத் தண்ணிக்குள்ள வெட்டிவேர் போட்டு வைப்பா. அந்த மணத்துக்குள்ள பள்ளிக்கூட லீவும் மத்தியான நித்திரையும் இருக்கு. அதை எந்தக் கம்பனியும் குப்பியில அடைக்க ஏலாது.

அதால அந்த அம்மாவுக்கு நான் சொல்லுறது: மகளுக்கு எந்த மணம் பிடிக்கும் எண்டு மகளிட்டக் கேளுங்க. லேஞ்சியில ரெண்டு துளி. படிச்சு முடிச்சு ஆறுதலா இருக்கிற நேரத்தில தினமும் கொஞ்சம் மணக்கட்டும். போகப் போக மூளை அந்த மணத்தையும் ஆறுதலையும் ஒண்டாக் கட்டி வச்சிடும். சோதினை மண்டபத்துக்கு அந்த லேஞ்சியோட போகட்டும். முதல் தரமாச் சோதினை அண்டு காலையில குப்பியைத் திறந்தா, அந்த மணம் பிறகு சோதினைப் பயமாப் போயிடலாம். மெதுவா இழுத்து, இழுத்ததைவிட நீளமா மூச்சை விடணும். உண்மையைச் சொன்னா அரைவாசி வேலையை அந்த மூச்சுத்தான் செய்யுது. பெருமை எண்ணெய்க்குப் போகுது.

மேல பூசுறதெண்டா சும்மா பூசாதீங்க. 30 மில்லி தேங்கா எண்ணெய்க்குப் பன்னிரண்டு துளி, அவ்வளவுதான். முதல்ல முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. ஏர்ல் கிரே தேயிலையில போடுற பெர்கமொட் எண்ணெயைப் பூசிக்கொண்டு எங்கட வெயிலுக்குள்ள இறங்கினா தோல் எரிஞ்சு கறுக்கும். கறுவா எண்ணெய் தோலுக்கு ஆகாது, நம்மட நாட்டுச் சரக்கு எண்டு பாசம் காட்ட வேணாம். குப்பியை மூடி இருட்டில வையுங்க, காத்துப்பட்டுப் பழசாகின லவெண்டர் கடி கொண்டு வரும். யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் சின்னப் புள்ளைகள் விழுங்கினா வலிப்பு வரும், இதில பகிடி இல்ல, எட்டாத உயரத்தில வையுங்க. இழுப்பு இருக்கிற ஆக்களுக்குப் பக்கத்தில எந்தப் புகையும் வேணாம், சாம்பிராணியும்தான். வயித்தில புள்ளை இருந்தா டொக்டரிட்டக் கேட்டிட்டு. பூனைக்கு இந்த எண்ணெய்களைச் செரிக்கிற ஈரல் இல்ல, பூனையில தேய்க்காதீங்க.

இன்னொண்டு, இதை மெதுவாச் சொல்லுறன். எங்கட பக்கத்தில சண்டையும் பார்த்த, சுனாமியும் பார்த்த ஆக்கள் நாங்க. மணம் பின்வாசலால போகும் எண்டனே, அது நல்லதை மட்டும் கொண்டு போகாது. ஒரு மணம் வந்த உடன நெஞ்சு அடிச்சு, வேர்த்து, பழைய இடத்தில போய் நிக்கிற மாதிரி இருந்தா, அதை எண்ணெயால அடக்கப் பார்க்காதீங்க. கிழமைக்கணக்கா நித்திரை இல்ல, சாப்பாடு இறங்குதில்ல, வேலைக்குப் போக ஏலாம இருக்கு எண்டாலும் அப்பிடித்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு, காசு இல்ல. வெளிய போக வெக்கமா இருந்தா 1926க்கு ஃபோன் எடுங்க, தேசிய மனநல நிறுவனத்தின்ட இலக்கம், இரவிலயும் எடுக்கலாம். "மண்டை பிழை" எண்டு சொல்லுற சொந்தக்காரருக்கு இந்த வீடியோவை அனுப்புங்க, கொத்தமல்லிக்கெண்டு சொல்லி.

கீழ கொமென்டில உங்கட மனசு ஆறுற மணம் என்ன எண்டு எழுதுங்க. வெட்டின வயலா, முதல் மழை மண்ணா, உம்மாட முந்தானையா, பெற்றோல் செட்டா, எதெண்டாலும். பெற்றோல் எண்டு எழுதுற ஆக்கள் குறைஞ்சது பத்துப் பேர் இருப்பீங்க, எனக்குத் தெரியும். கூட லைக் விழுற மணத்தைத் தேடிப் பிடிச்சு அடுத்த வீடியோவில பேப்பர் சோதனைக்குப் போடுறன். அந்த 600 ரூபாய் மல்லிகைக் குப்பி இன்னும் முக்கால்வாசி கிடக்கு. கதவுப் பிணைச்சலுக்கு விட்டுப் பார்த்தன், சத்தம் நிண்டிட்டு.