உள்ளே வர என்ன தகுதி வேண்டும்?

(எங்கள் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. அவசரத்தில் விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, இன்னொரு விழாவை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, ஆண்டுதோறும் வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தரும் உரிமையாளர் அவர்களே, தாம் எடுத்துக்கொண்ட நேரம் போக எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும் பேராசிரியர் அவர்களே, மேடைக்கு வரச் சொன்னால் வராமல் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும் நம் நூலகர் அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த செயலாளருக்குத் தனி வணக்கம். வீட்டில் பொன்னாடை வைக்க இடமில்லை. புத்தகம் வைக்கவும் இடமில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டை விட்டு வெளியே வராதவர்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டம் கூடினால் யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளிவைப்பது என்பது முதல் விஷயம். அங்கே ஒழுங்கை யார் பார்த்துக்கொள்வது என்பது இரண்டாவது. போனவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பது மூன்றாவது.

வெளியே வராதவர்களுக்கு ஏது ஐயா கூட்டம் என்று முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். சரியான கேள்விதான். ஜப்பானுக்குப் போனால் பதில் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் வேலை, படிப்பு, நட்பு எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கி வீட்டோடு இருப்பவர்களை அங்கே ஹிகிகோமோரி என்கிறார்கள். சைத்தோ தமாகி என்ற மனநல மருத்துவர் 1998இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அந்தச் சொல் நாடு முழுக்கப் பரவியது. முதலில் இது இளைஞர் பிரச்சினை என்றுதான் நினைத்தார்கள். 2019இல் வெளிவந்த அரசுக் கணக்கு, 40 முதல் 64 வயதுக்குள் மட்டும் 6 லட்சத்து 13 ஆயிரம் பேர் என்றது. 2023இல் வந்த கணக்கில் 15 முதல் 64 வயதுவரை சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர். அந்த வயதுக்காரர்களில் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு ஒருவர். எண்பது வயதுத் தாய் தன் ஓய்வூதியத்தில் ஐம்பது வயது மகனுக்குச் சோறு போடுகிறாள். அதற்கு அங்கே ‘எண்பது-ஐம்பது பிரச்சினை’ என்றே பெயர்.

பெற்றவர்கள் பதறுவார்களா, மாட்டார்களா? அந்தப் பதற்றத்தை வைத்தே அங்கே ஒரு வியாபாரம் முளைத்தது. பெற்றோரிடம் பெரும் பணம் வாங்கிக்கொண்டு, ஆட்களோடு வீடு புகுந்து, அறைக்குள் இருப்பவரை வெளியே இழுத்து, வண்டியில் ஏற்றி, எங்கோ ஒரு விடுதியில் கொண்டுபோய் விடுவார்கள். இதில் நீதிமன்றப் படியேறிய வழக்குகளும் உண்டு. தானாகக் கனியாததைத் தடி கொண்டு அடித்தால் கனியுமா? இந்தப் பழமொழியை நான் சொல்லாத மேடை இல்லை என்று என் மனைவி கேலி செய்வார். இன்றைக்கு மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ஊர்ப்பக்கக் கதை ஒன்று. சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன், அடையாளங்களையும் மாற்றிவிட்டேன்.

நண்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர். ஒரே மகன். பொறியியல் படித்துச் சென்னையில் வேலைக்குப் போனவன், ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தான், திரும்பிப் போகவில்லை. மாடி அறைக்குள் போனான், கதவு சாத்திக்கொண்டது. அம்மா மாடிப்படியின் நாலாவது படியில் தட்டை வைத்துவிட்டு வருவார். அவர் இறங்கிய பிறகு தட்டு உள்ளே போகும். நம் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பெரியப்பா வந்து கதவுக்கு வெளியே நின்று, “தம்பி, இப்போ என்ன பண்றீங்க?” என்றார். அவன் என்ன பண்ணுகிறான் என்று வீட்டுக்கே தெரியாது. அத்தை வந்து, கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார். ஜோசியர் ராகு என்றார். அப்பா வைஃபையை அணைத்துப் பார்த்தார். ரெண்டு நாள் கழித்து வாசலில் ஒரு பார்சல் வந்தது, உள்ளே புது சிம் கார்டு. (சிரிப்பு.)

இதற்கிடையில் பையன் டெலிகிராமில் ஒரு குழுவில் இருப்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாரும் அவனைப் போலவே அறைக்குள் இருப்பவர்கள். முகப்பிலேயே விதிகளை எழுதி வைத்திருந்தார்களாம். சொந்தப் பெயர் வேண்டாம். யாரிடமும் வயது, ஊர், வேலை கேட்கக் கூடாது. போட்டோ கேட்கக் கூடாது. பேசாமலே இருக்கலாம். அறிவுரை சொன்னால் ஒரு தடவை எச்சரிக்கை, மறு தடவை வெளியே.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? ‘நீலவானம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டார். புகுந்தவர் சும்மா இருந்தாரா? விடிந்தால் போதும், சூரியகாந்திப் பூ போட்ட ‘இனிய காலை வணக்கம்’. கூடவே ஒரு தன்னம்பிக்கை வாசகம். முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “விடிகாலையில் எழுந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்” என்று எழுதினார். நிர்வாகியிடமிருந்து எச்சரிக்கை வந்தது: “ஐயா, இங்கே பாதிப் பேர் தூங்கவே போவது விடிகாலையில்தான். அறிவுரை வேண்டாம்.” மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் ‘வாழ்க்கையில் முன்னேற ஐந்து வழிகள்’ என்று நீளமாக ஒன்றைப் போட்டார். நாலாவது வழியை யாராவது படித்தார்களோ என்னவோ, அதற்குள் ஆளை நீக்கிவிட்டார்கள். கூடவே ஒரு வரி: “இங்கே யாரும் முன்னேற வரவில்லை. கொஞ்சம் உட்கார வந்திருக்கிறோம்.”

என் வீட்டுக்கு வந்து குதித்தார். “எவனோ ஒரு பொடிப்பயல் சார், முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ் பார்த்தவனை நீக்குறான் சார்!” காபி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடிப்படியில் சத்தம். பையன் இறங்கி வருகிறான். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். கூடத்தில் அப்பாவுக்கு எதிரே வந்து நின்று, “அப்பா, நீலவானம் நீங்கதானே?” என்றான். இவருக்கு முகம் வெளிறிவிட்டது. “அந்தச் சூரியகாந்திப் படத்தைப் போன வாரம் நம்ம குடும்ப குரூப்லயும் போட்டிருந்தீங்க. உங்களை நீக்கினது நான்தான். நான்தான் அங்கே அட்மின்.” (நீண்ட கைதட்டல்.)

பாருங்கள், வீட்டில் ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயர் வாங்கியவன் அங்கே நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காவல்காரன். யாராவது நடுராத்திரியில் ஏடாகூடமாக எதையாவது எழுதினால் கூடவே விழித்திருப்பவன். அப்பா அன்றைக்கு அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம்: “சாப்பிட்டியா?” பையன் இப்போது வேலைக்குப் போகிறானா என்று கேட்பீர்கள். அதைக் கேட்கக் கூடாது என்பதுதான் விதி.

சரி, ஜப்பானுக்குத் திரும்புவோம். இந்தப் பையன் எழுதி வைத்த விதிகளுக்கும், அங்கே ஒதுங்கி வாழ்பவர்களின் கூடுகைகளில் வாசலிலேயே ஒட்டி வைக்கும் விதிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புனைபெயர் போதும். தாமதமாக வரலாம், பாதியில் எழுந்து போகலாம். வாய் திறக்காமல் இருக்கலாம். அடுத்தவர் சொன்னதை மறுத்துப் பேசக் கூடாது. கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. மதப் பிரசாரமும் சரக்கு விற்பனையும் கூடாது. 2020க்குப் பிறகு இணையவழியிலும் கூடுகிறார்கள். அங்கே கேமராவை அணைத்துவிட்டு, மைக்கையும் அணைத்துவிட்டு, காதை மட்டும் கொடுத்து உட்காரலாம். அதுவும் வருகைதான். நிருபர்கள் வருவதானால் முன்பே சொல்லியாக வேண்டும். பல இடங்களில் அவர்களுக்கு அனுமதியே கிடையாது.

யார் உள்ளே வரலாம் என்பதில்தான் சிக்கல். 2016இல் டோக்கியோவில் பெண்களுக்கு மட்டுமான கூடுகை ஒன்று தொடங்கியது. அதற்குமுன் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அறை முழுக்க ஆண்கள்தான். ஆண்களோடு ஓர் அறையில் உட்காரவே அஞ்சும் பெண்கள் வாசலோடு திரும்பினார்கள். அதனால் தன்னைப் பெண்ணாக உணர்கிற யாரும் வரலாம், கல்யாணம் ஆனவர்களும் வரலாம் என்று விதி வைத்தார்கள். கல்யாணம் ஆனவர்கள் என்று தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அரசின் பழைய கணக்கெடுப்புகளில் ‘இல்லத்தரசி’ என்று எழுதிக் கொடுத்தவர்களை இந்தப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. வருஷக்கணக்கில் வாசல் தாண்டாத பெண்ணும் அந்தக் கணக்கில் சாதாரணக் குடும்பப் பெண்தான். நம் ஊரில் அப்படி எத்தனை பேர் என்று தாய்மார்களிடம் கேட்டால் தெரியும்.

அப்போது ஆண்களைத் தள்ளிவைத்தது அநியாயம் இல்லையா என்று பேராசிரியர் தேநீர் இடைவேளையில் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றோருக்கும் 1999இல் தொடங்கிய தனிச் சங்கம் அங்கே இருக்கிறது. அப்பாக்கள் அங்கே போய் அழலாம். பிள்ளைகள் உட்காரும் அறைக்குள் மாறுவேடத்தில் வரக் கூடாது. அவ்வளவுதான். பெயர் கேட்காமல் உள்ளே விட்டால் கெட்டவன் நுழைய மாட்டானா என்றும் கேட்கிறார்கள். நுழைவான். ஆதார் அட்டை வாங்கிக்கொண்டு விட்டாலும் நுழைவான். வாசலில் கேள்வியைக் குறைத்து, உள்ளே நடத்தையைக் கவனிப்பதுதான் வழி. அந்தக் காவலை, தானும் அறைக்குள் கிடந்து பழகியவர் பார்த்தால் நல்லது. எந்தச் சொல் குத்தும் என்று அவருக்குத்தான் தெரியும். தானாகக் கனியாததைத் தடி கொண்டு அடிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அடி வாங்கியவரே அவர்தான்.

ஜப்பானின் அகிதா மாகாணத்தில் ஃபுஜிசாதோ என்று ஒரு மலையூர். நாலாயிரம் பேர்கூட இல்லை. அங்கே சமூகநல மன்றத்தார் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்ததில் 113 பேர் ஒதுங்கிக் கிடந்தார்கள். பொழுதுபோக்கு நிகழ்ச்சி இருக்கிறது, வாருங்கள் என்று அழைத்தார்கள். ஒருவரும் வரவில்லை. பிறகு முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்குத் துண்டறிக்கை கொடுத்தபோது, நானும் சேரலாமா என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். 2010இல் அவர்களுக்கென்று ஒரு கட்டடம் திறந்தார்கள். அங்கே காளான் வைத்து ஒரு பலகாரம் சுட்டு விற்றார்கள். இதை விரிவாகச் சொல்ல ஆசைதான், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆகவே நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வந்துவிடுகிறேன். 2015 ஆகஸ்டில் ஜப்பானின் காமாகுரா நகர நூலகத்தார் ட்விட்டரில் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் சமயம். பள்ளிக்குப் போவது சாகிற அளவுக்குக் கஷ்டமாக இருக்கிற பிள்ளைகள் விடுப்புப் போட்டுவிட்டு நூலகத்துக்கு வாருங்கள், காமிக்ஸ் இருக்கிறது, நாள் முழுக்க இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார்கள். நாடே அதைப் பகிர்ந்தது. படிவம் இல்லை, நேர்காணல் இல்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஓர் இடம் நம் ஊரிலும் இருக்கிறது. கிளை நூலகம். சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகளை 1931இல் எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. நம் மாநிலத்தில் நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. காசு கட்டுகிறோம், கதவோ மதியம் பூட்டியிருக்கிறது! அறைக்குள் இருப்பவன் வெளியே வரத் துணிகிற நேரம் எது? தெருவில் ஆள் இல்லாத மதியம்தான். அந்த நேரத்தில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடி எப்போது வருவானோ. நூலகர் அம்மாவைக் குறை சொல்லவில்லை. ஒற்றை ஆளாக அவர் இவ்வளவு செய்வதே பெரிது.

மதியமும் திறந்திருக்க வேண்டும், அதற்கு இன்னோர் ஆள் வேண்டும். மாடியில் உடைந்த அலமாரிகள் கிடக்கும் அறையைச் சுத்தம் செய்து, ஜன்னலோரமாக நாலு நாற்காலி போட வேண்டும். அந்த அறைக்குப் போகிறவரிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்கக் கூடாது. “என்ன தம்பி, வேலை ஒண்ணும் இல்லையா?” என்று பத்திரிகைப் பகுதியில் உட்கார்ந்து கேட்கும் நம் பெரியவர்கள், நானும் அவர்களில் ஒருவன்தான், மாடி ஏறக் கூடாது. நகர்மன்ற உறுப்பினர் அம்மா இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவதாக மேடைக்கு வரும்போதே என்னிடம் சொன்னார். மைக்கில் சொல்லிவிட்டேன், இனி அவர் தப்ப முடியாது. (கைதட்டல்.)

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. அடுத்து கவியரங்கம், கவிஞர்கள் ஏற்கெனவே என்னை முறைக்கிறார்கள். நூலகத்துக்காகக் கேட்டதையெல்லாம் எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர் போட விரும்பாதவர்கள் வெறும் கோடு கிழித்துவிட்டுப் போகலாம், எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம். பேனாவை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள், போன வருஷம் மூன்று பேனா போயிற்று. நன்றி, வணக்கம்.