நாள் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிலாளர் வழக்குகளை முப்பது வருஷத்துக்கு மேலாக நடத்தி வருகிறேன். என்னைப் பார்க்க வரும் சங்கத் தோழர்கள் "ஜெயிப்போமா சார்?" என்று முதலில் கேட்பதில்லை. "எத்தனை நாள் ஆகும் சார்?" என்பதுதான் முதல் கேள்வி. ஸ்டிரைக் தொடங்கிய அன்றே சம்பளம் நின்றுவிடும். வீட்டு வாடகை நிற்காது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்காது. நாளைத் தள்ளிப்போட்டால் யாருக்கு லாபம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அரசாங்கங்களுக்கும் அது தெரியும். அதனால்தான் நம் சட்டங்கள் வேலைநிறுத்தம் கூடாது என்று ஒரே வரியில் எழுதுவதில்லை. நாள் குறிக்கின்றன.

இந்த நாள் கணக்கு சென்னைக்குப் பழையது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. நாம் பி அண்ட் சி மில் என்றும் பின்னி மில் என்றும் சொல்கிறோமே, அதுதான். 1918 ஏப்ரல் 27 அன்று அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்கு அடிபோட்ட செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் மில் தொழிலாளிகள் அல்ல, வியாபாரம் செய்தவர்கள். தலைவராக வந்தவர் பி.பி.வாடியா. திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர்.

அவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம். மதியம் முப்பது நிமிடம்தான் விட்டார்கள், அதை நாற்பதாக்கச் சொன்னார்கள். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை, இங்கேயும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஷிப்ட் வேலை பார்த்த நேயர்களுக்கு இது புரியும். தறியை விட்டு வெளியே வர வேண்டும், கை கழுவ வரிசையில் நிற்க வேண்டும், தூக்கைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி தறிக்குப் போய் நிற்க வேண்டும். அவ்வளவும் முப்பது நிமிடத்துக்குள். பத்து நிமிடம் என்பது உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் நின்றபடி விழுங்குவதற்கும் உள்ள தூரம்.

1920 அக்டோபரில் கதவடைப்பு வந்தது, அதாவது நிர்வாகமே ஆலையை மூடித் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்கு, கூடவே தடையாணை. சங்கத்துக்கென்று அப்போது சட்டமே கிடையாது, ஆகவே பாதுகாப்பும் கிடையாது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்று முடிவானது. பத்து நிமிடத்துக்காகப் பேசத் தொடங்கிய மனிதரை ஒரு கோர்ட்டு உத்தரவு வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

அது நாடெங்கும் அதிர்ச்சி தந்தது. 1921 மார்ச்சில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பதிவு பெற்ற சங்கத்தின் மீது இப்படிச் சிவில் வழக்குப் போட முடியாது என்று அதில் எழுதினார்கள். பதிவு பெற்ற சங்கம் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இனி நாள் கணக்குக்கு வருகிறேன். 1947-இன் தொழில் தகராறுகள் சட்டத்தில், ரயில், தண்ணீர், மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் இருப்பவர்கள்தான் ஸ்டிரைக்குக்கு 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் இடத்தில் 2020-இன் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது எல்லாத் தொழிற்சாலைக்கும் அந்த 14 நாள். நோட்டீஸ் கொடுத்ததும் இரு தரப்பையும் பேசவைக்கும் அரசின் சமரச அதிகாரி கூப்பிடுவார். முதல் கூட்டம் நடந்துவிட்டால் பேச்சு முடியும் வரை ஸ்டிரைக் கிடையாது, முடிந்த பிறகும் ஏழு நாள் கிடையாது. விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போனால் அங்கே முடிந்த பிறகும் அறுபது நாள். சரி, எல்லோரும் ஒரே நாளில் லீவு போடலாமே என்கிறீர்களா? பாதிப்பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே அதுவும் வேலைநிறுத்தம் என்கிறது சட்டம். முன்பு சட்டவிரோத ஸ்டிரைக்குக்கு அபராதம் ஐம்பது ரூபாய் வரை. இப்போது ஆயிரத்தில் தொடங்கிப் பத்தாயிரம் வரை. ஒரு மாதச் சிறை அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

தகராறு சூடாக இருக்கும்போதுதான் பேச்சுவார்த்தை மேஜையில் தொழிலாளிக்கு மரியாதை. அந்தச் சூடு ஆறும்வரை காத்திரு என்கிறது இந்த ஏற்பாடு. நிர்வாகம் அதற்குள் சரக்கைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வெளியாட்களைத் தயார் செய்துகொள்ளும். என் மனம் ஒப்பாத இடம் இதுதான்.

அரசு ஊழியர் கதை இன்னும் கடுமை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். டெஸ்மா என்கிற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்தது. ஏறத்தாழ 1,70,000 பேர் வேலை நீக்கம். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. பெரும்பாலானோர் திரும்ப வேலைக்குப் போனார்கள், நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்து. இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்குகிற ஆசிரியர்கள், அதையே தாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பதிவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, சுருக்கிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு மின்னணு ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. முக்கியக் கோரிக்கை சங்கப் பதிவு. உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், அதற்கு இன்று இடமில்லை. வணக்கம்.